ஈர விறகும் திருவாதிரைக் களியும்

புரட்டாசி முடியும் தறுவாயில் கடலூர் மக்கள் வானத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா, எத்தனையாம் எண் கூண்டு என்பது தேநீர்க் கடை முதல் கோயில் மண்டபம் வரை பேச்சாகும். முன்னோர் ஓராண்டை ஆறு பருவங்களாக வகுத்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றும், மார்கழியையும் தையையும் முன்பனி என்றும் பெயரிட்டனர். இமயத்தின் அடிவாரத்தில் குளிர்காலம் என்றால் உறைபனி. நடுநாட்டுக் கடற்கரையிலோ குளிர்காலம் மழையோடு வந்து பனியோடு விடைபெறும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் இங்கே வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு என்று ஆறுகள் பலவும் இந்த மாவட்டத்துக் கரையில்தான் கடலைத் தேடி வருகின்றன. தெற்கெல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது.

2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தது. 2015 நவம்பரில் பெருமழையும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் வந்தன. இவை அனைத்தும் கூதிரிலும் முன்பனியிலும் வந்தவையே. ஆகவே இவ்வூரில் வீட்டைக் குளிர்காலத்துக்குச் சித்தப்படுத்துவது வசதிக்காகச் செய்யும் காரியமன்று. ஆண்டுதோறும் தவறாமல் செய்ய வேண்டிய நோன்பைப் போன்றது.

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயிலுக்கு அருகே ஒரு தெருவில் பழைய வீடு ஒன்று உண்டு. முன்கட்டு ஓடு வேய்ந்தது; நடுவே முற்றம்; பின்கட்டு பிற்காலத்தில் எழுப்பிய மாடிக் கட்டடம். அங்கே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவருடைய துணைவியாரும் நாற்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தனர். சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பர் பெருமானைக் கல்லோடு பிணைத்துக் கடலில் எறிய, அக்கல்லே தெப்பமாகி அவரைக் கரைசேர்த்த தலம் அது. அவர் கரையேறிய இடம் இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்றே வழங்குகிறது. கடலின் சீற்றத்தையும் கடலைக் கடத்துவிக்கும் கருணையையும் ஒருங்கே அறிந்த ஊர் என்று தலைமையாசிரியர் பெருமையோடு சொல்வதுண்டு.

அந்த வீட்டுக்கு ஒரு வாய்மொழிச் சட்டம் இருந்தது. தலைமையாசிரியரின் தாயார் வகுத்தது: "புரட்டாசிக்குள் கூரை, ஐப்பசிக்குள் பரண், கார்த்திகைக்குள் வாசல்."

கூரை என்பது தலைமையாசிரியரின் பொறுப்பு. உடைந்த ஓடுகளை மாற்றுவார். ஓடுகளுக்கிடையே அடைந்திருக்கும் வேப்பஞ்சருகைத் துடைப்பத்தால் தள்ளுவார். மாடியில் மழைநீர் வடியும் குழாயின் வாயில் அடைப்பு இல்லாதபடி பார்ப்பார். முற்றத்து ஜலதாரையில் ஒரு குடம் நீரைக் கொட்டி, அது தெருவுக்கு வந்து சேரும்வரை நின்று கவனிப்பார். கொல்லையில் முருங்கைக் கிளைகளை முன்கூட்டியே கழித்துவிடுவார்; காற்றுக்கு முதலில் முறிவது முருங்கைதான். தில்லைச் சிற்றம்பலத்தின் கூரையில் வேய்ந்த பொன்னோடுகள் 21,600 என்றும், அவை மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை என்றும் பெரியோர் சொல்வார்கள். நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று கணக்கிட்டால் அந்த எண் சரியாக வரும். ஏணியிலிருந்து இறங்கும்போது, "ஐயன் வீட்டில் 21,600 ஓடு. நம் வீட்டில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கே எனக்கு ஒரு நாள் மூச்சு முழுவதும் தீர்ந்துபோகிறது" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். அந்த வேடிக்கையை அம்மையார் நாற்பத்தெட்டு ஆண்டுகளும் கேட்டார்.

பரண் என்பது அம்மையாரின் ஆட்சி. கோடையில் உலர்த்திய வற்றலும் வடகமும், கல் உப்பிட்ட புளியும், வேப்பிலை இட்ட அரிசியும் அங்கே போய்ச் சேரும். கம்பளிகளும் தலைக்குக் கட்டும் துணிகளும் வெயிலில் காய்ந்து, வசம்புத் துண்டோடு மடிக்கப்படும். அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைச் சாம்பலால் துலக்கித் திரியை நறுக்கி வைப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கட்டு உலர்ந்த விறகு பரணில் ஏறும். வீட்டுக்கு எரிவாயு அடுப்பு வந்து முப்பதாண்டுகள் கழிந்த பின்னும் அந்த விறகுக்கட்டு ஏறுவது நிற்கவில்லை. பிள்ளைகள் கேலி செய்தார்கள். அம்மையார் ஒன்றும் சொல்லமாட்டார். சேந்தனாரின் கதையை அறிந்தவர் எவரும் மழைக்காலத்தில் உலர்ந்த விறகைக் கேலி செய்யமாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம்.

அன்பர்கள் அறிந்த கதைதான். பட்டினத்தாரிடம் கணக்கராக இருந்த சேந்தனார், பின்னர் தில்லையருகே விறகு விற்று வாழ்ந்தார். நாள்தோறும் ஓர் அடியவருக்கு அமுது படைத்த பிறகே உண்பது அவருடைய நெறி. ஒரு நாள் அடைமழை. விறகு முழுதும் நனைந்துபோயிற்று. ஈர விறகை வாங்குவார் இல்லை. அரிசி வாங்கக் காசும் இல்லை. வீட்டில் இருந்த மாவைக் கொண்டு களி கிண்டி, அடியவர் எவரேனும் வருவாரா என்று காத்திருந்தார். கொட்டும் மழையில் முதியவர் ஒருவர் வாசலில் வந்து நின்று பசிக்கிறது என்றார். களியை விருப்பத்தோடு உண்டார். எஞ்சியதையும் அடுத்த வேளைக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சென்றார். மறுநாள் காலையில் தில்லைக் கோயிலைத் திறந்தவர்கள் கருவறையில் களி சிதறிக் கிடக்கக் கண்டார்கள். மழையால் சேற்றில் அழுந்திய தேர், சேந்தனார் திருப்பல்லாண்டு பாடியபோது நகர்ந்தது என்பதும் மரபு. பதின்மூன்று பாடல்களாலான அத்திருப்பல்லாண்டு ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. ஆருத்ரா தரிசனத்தன்று வீடுதோறும் களி கிண்டுவது அந்த மழை நாளின் நினைவாகத்தான்.

2011-இல் மார்கழி பாதியில் தானே புயல் கரையைக் கடந்தது. விடியற்காலையில் தொடங்கிய காற்று பல மணி நேரம் ஓயவில்லை. பொழுது விடிந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, தெருவெல்லாம் மரங்கள். பண்ருட்டிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு பெயர்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எரிவாயு உருளை ஏற்றிவரும் வண்டிக்கு வழியில்லை. அப்போதுதான் பரணிலிருந்த விறகு இறங்கியது. முற்றத்துத் தாழ்வாரத்தில் மூன்று கற்களைக் கூட்டி, அம்மையார் பெரிய பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சினார். தெருவில் பதினொரு குடும்பங்கள் அன்று அந்தக் கஞ்சியைக் குடித்தன. சில நாள்களில் திருவாதிரை வந்தது. மின்விளக்கு இல்லாத வீட்டில், அகல் விளக்கின் ஒளியில் கிண்டிய களியைத் தெரு முழுவதற்கும் கொடுத்தார். அதற்குப் பிறகு விறகுக்கட்டைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

கொடுத்த கை என்று அத்தெருவில் அம்மையாருக்குப் பெயர். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சியும் இருந்தது.

2023 தை மாதத்தில் தலைமையாசிரியர் சிவபதம் அடைந்தார். அவ்வாண்டு மழைக்காலத்தில் அம்மையாரைத் தனியே விட மகளுக்கு மனமில்லை. பெங்களூருக்கு அழைத்துச் சென்றுவிட்டாள். வீடு ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது. ஆண்டு நிறைவுச் சடங்குக்காகத் தையில் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, அம்மையார் நிலைப்படியைத் தாண்டாமல் சிறிது நேரம் நின்றுவிட்டார். முற்றத்து ஜலதாரை அடைத்து, நீர் தேங்கிக் கூடம் வரை ஏறி வற்றியிருந்தது. இரண்டு ஓடுகள் விலகிய இடத்தில் சுவர் கறுத்திருந்தது. அலமாரியில் வீட்டுப் பத்திரத்தின் ஓரம் பூசணம் பிடித்திருந்தது. பூசை அறையில் நடராசர் படத்தின் பின்னால் கறையான் மண் கட்டியிருந்தது. ஒருவர் போனபின் ஒரு வீடு எவ்வளவு விரைவாக அவரோடு போக முற்படுகிறது என்பதை அவர் அன்று கண்டார்.

2024 ஆவணி பிறந்தபோதே மகள் தொலைபேசியில் தொடங்கிவிட்டாள்.

"அம்மா, இந்த வருடமும் மழைக்கு முன்னால் வந்துவிடுங்கள். தனியாக அங்கே இருந்து என்ன செய்யப்போகிறீர்கள்?"

"வீட்டைப் பார்க்க வேண்டாமா?"

"வீடா பெரிது? நீங்கள் விழுந்தால் தூக்குவதற்கு யார் இருக்கிறார்கள்?"

அந்தக் கேள்விக்கு அம்மையாரிடம் விடை இல்லை. மகள் சொன்னது அன்பினால் சொன்னது; உண்மையும்கூட. எழுபத்து மூன்று வயது. இரண்டு முழங்காலிலும் வலி. பரண் அவருடைய ஆட்சிதான். ஆனால் பரணில் ஏற ஏணி வேண்டும். ஏணியைப் பிடிக்க ஒரு கை வேண்டும். கூரையோ அவர் ஒரு நாளும் ஏறாத இடம்.

புரட்டாசி இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் அவர் தாமே ஏணியைச் சுவரில் சாத்தினார். மூன்று படி ஏறினார். நான்காம் படியில் கால் நடுங்கிற்று. கீழே இறங்கவும் அச்சம். மேலே ஏறவும் வலுவில்லை. ஓட்டு விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிடங்களில் மகளின் கேள்வி காதில் ஒலித்தது. எப்படியோ இறங்கினார். ஏணியை எடுத்து மடக்கவும் தோன்றாமல் திண்ணையில் அமர்ந்தார்.

அவ்வழியே கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் பெண் கூடையோடு வந்தாள். பெண்ணையாற்றங்கரையில் உள்ள சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவள். நாள்தோறும் அவ்வீட்டுக்கு ஒரு முழம் பூவைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். சாத்திய ஏணியையும் அம்மையாரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"பெரியம்மா, என் பிள்ளை கட்டட வேலைக்குத்தானே போகிறான்? ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லட்டுமா?"

"பார்க்கலாம் அம்மா" என்றார் அம்மையார்.

பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்பது பொருள். அவளுக்கும் அது புரிந்தது. பூவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிரவு அம்மையாருக்கு உறக்கம் வரவில்லை. கூலி கொடுத்து ஓடு மாற்றச் சொல்வதில் ஒரு தடையும் இல்லை. காசு கைமாறினால் கணக்கு முடிந்துபோகும். ஆனால் தேவை ஓடு மட்டுமன்று. புயல் இரவில் துணைக்கு ஒருவர் வந்து படுக்க வேண்டும். விழுந்தால் கதவைத் திறந்துவர ஒருவரிடம் மாற்றுச் சாவி இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது ஒருவர் வந்து எட்டிப் பார்க்க வேண்டும். இவற்றுக்குக் கூலி இல்லை. இவற்றைக் கேட்டுத்தான் பெற வேண்டும். பதினொரு குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியவர், "எனக்குத் துணைக்கு வா" என்று ஒருவரிடம் எப்படிக் கேட்பது?

விடியற்காலையில் எழுந்து விளக்கேற்றினார். புதிதாகச் சட்டமிட்ட நடராசர் படத்தின் முன் நின்றபோது சேந்தனாரின் கதை நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் களி கிண்டும்போது கணவர் அடுப்பருகே நின்று சொல்லிக்கொண்டிருக்கும் கதை. அத்தனை ஆண்டுகளும் அவர் அந்தக் கதைக்குள் சேந்தனாரின் வீட்டுக்குள்ளேயே நின்றிருந்தார். கரண்டி பிடித்த கையோடு, கொடுப்பவராக. அன்று முதன்முறையாக அவருடைய பார்வை வாசலுக்குப் போயிற்று. மழையில் நனைந்து வாசலில் நின்றவன் யார்? உலகுக்கெல்லாம் படியளப்பவன். அவன் பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னான். ஓர் ஏழையிடம் கேட்டு உண்டான். போதாதென்று அடுத்த வேளைக்கும் கேட்டு வாங்கிக்கொண்டான். கேட்டதனால் அவன் பெருமை குறையவில்லை. அவன் கேட்டிராவிட்டால் சேந்தனாரின் காத்திருப்புக்கு என்ன பயன்? கொடுப்பவர் நிறைவதற்குக் கேட்பவர் ஒருவர் வாசலில் வந்து நின்றாக வேண்டும். இத்தனை காலமும் வாசலுக்குள்ளேயே நின்றுவிட்டு, வெளியே நிற்பதை இழிவு என்று எண்ணியது பிழையல்லவா?

காலையில் பூக்காரப் பெண் வந்தபோது அம்மையார் திண்ணையிலேயே காத்திருந்தார்.

"தம்பியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல் அம்மா. கூலியை முழுதாக வாங்கிக்கொள்ள வேண்டும். அது ஒரு பக்கம். இன்னொன்று கேட்கிறேன். புயல் வந்தால் இரவில் நீ வந்து என்னோடு படுத்துக்கொள்வாயா? தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது."

கடைசிச் சொற்களைச் சொல்லும்போது குரல் சற்றுத் தழுதழுத்தது.

"இதைக் கேட்க வேண்டுமா பெரியம்மா? தானே புயலில் உங்கள் வீட்டுக் கஞ்சியைக் குடித்த வயிறு இது" என்றாள் அவள். அன்று தெருவில் கஞ்சி வாங்கியவர்களில் அவளும் இருந்தாள் என்பது அம்மையாருக்கு அதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மகன் வந்தான். ஓடுகளைப் பிரித்து அடுக்கினான். மாடிக் குழாயிலிருந்து ஒரு கூடைச் சருகை எடுத்தான். அம்மையார் கீழே நாற்காலியில் அமர்ந்து, தலைமையாசிரியர் செய்த முறையை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜலதாரையில் குடநீரை ஊற்றிவிட்டுத் தெருவுக்கு ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்றபோது பையன் சிரித்தான். "சிரிக்காதே தம்பி. தில்லைக் கோயிலிலேயே மழைநீர் வெளியேற நிலத்தடியில் கால்வாய் கட்டி, வடக்கே தில்லைக் காளி கோயில் பக்கத்துக் குளத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். நீர் உள்ளே வருவதற்கு முன் வெளியே போகும் வழியைப் பார்க்க வேண்டும் என்பது பெரியவர்கள் ஏற்பாடு" என்றார். அவன் குடத்தை ஊற்றிவிட்டுத் தெருவுக்கு ஓடினான்.

ஐப்பசியில் பரண் வேலை. இந்த முறை அம்மையார் ஒரு மாற்றம் செய்தார். நாள்தோறும் வேண்டிய எதுவும் பரணில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, அரிக்கேன் விளக்கு, தீப்பெட்டி, கைவிளக்கு, ஒரு மாதத்துக்கான இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றை இடுப்பு உயர அலமாரிக்குக் கொண்டுவந்தார். பரணுக்குப் போனவை விறகும் பாத்திரங்களும் மட்டுமே. வீட்டுப் பத்திரம், பட்டா, குடும்ப ஓய்வூதிய ஆணை, ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், எரிவாயுப் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு ஒரே பையில் சேர்த்தார். அவற்றின் நகல்களை மகளுக்கு அனுப்பினார். மின்சாரம் நின்றால் தானியங்கிப் பண இயந்திரமும் உறங்கிவிடும்; ஆகவே பத்து நாள் செலவுக்குச் சில்லறை நோட்டுகளாகவே எடுத்து வைத்தார். வாசல் நிலையிலிருந்து கழிவறை வரை சுவரோரமாகக் கைப்பிடிக் கம்பி பொருத்தப்பட்டது. எதிர்வீட்டில் மாற்றுச் சாவியைக் கொடுத்தார். அவர்களுடைய தொலைபேசி எண்ணை மகளுக்கும், மகளுடைய எண்ணை அவர்களுக்கும் கொடுத்தார்.

இவ்வளவும் செய்த பின் மகளை அழைத்து, "நீ கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறது, நானே கேட்டு ஏற்பாடு செய்துவிட்டேன்" என்றார். மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சரி அம்மா. கூண்டு எண் ஏறினால் நாளைக்கு மூன்று முறை பேச வேண்டும்" என்றாள். அம்மையார் அந்த நிபந்தனைக்கு உடன்பட்டார்.

நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தும் நகராமல் நின்று பெய்தது. பூக்காரப் பெண் சொன்ன சொல் தவறாமல் மாலையே வந்துவிட்டாள். கைவிளக்கை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் கூடத்தில் படுத்திருந்தனர். ஓடுகள் மேல் மழை அறைந்தது. ஒரு துளியும் உள்ளே வரவில்லை. முற்றத்தில் விழுந்த நீர் சலசலவென்று ஜலதாரை வழியே போகும் ஓசையை அம்மையார் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு ஆண்டுகள் பழகிய ஓசை அது.

மழை சற்று ஓய்ந்தபோது வேறோர் இடர் வந்தது. மேலே திருவண்ணாமலைப் பக்கத்தில் பெய்த பெருமழையால் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2-ஆம் நாள் நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறந்துவிடப்பட்டது. பெண்ணையாறு கரைபுரண்டது. கரையோரச் சிற்றூர்களில் வெள்ளம் புகுந்தது. பூக்காரப் பெண்ணின் மகன் தன் தங்கையையும், ஒரு மூட்டைத் துணியையும், பள்ளிப் புத்தகப் பையையும் சுமந்துகொண்டு, இடுப்பளவு நீரைக் கடந்து திருப்பாதிரிப்புலியூர் வந்து சேர்ந்தான். வாசலில் நின்றான். உள்ளே வரத் தயங்கினான்.

அம்மையார் சுவர்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நனைந்து நடுங்கிய மூவரையும் பார்த்தார். கார்த்திகைக்குள் வாசல் என்று மாமியார் சொன்னதன் பொருளை, வாசலைக் கழுவிக் கோலமிடுவது என்றே அவர் அதுவரை கொண்டிருந்தார்.

"நீ அடுக்கிய ஓட்டின் கீழேதான் நான் நனையாமல் இருக்கிறேன். உள்ளே வா தம்பி" என்றார்.

ஒன்பது நாள் அக்குடும்பம் அங்கே இருந்தது. பரணிலிருந்து விறகு இறங்கியது. கம்பளிகள் பங்கிடப்பட்டன. ஈரத் துணிகளைக் கொடியில் இட்டுச் சாம்பிராணிப் புகை காட்டினார்கள். சிறுமியின் நனைந்த பாடப் புத்தகங்களை அம்மையார் பக்கம் பக்கமாகப் பிரித்து விறகடுப்பின் வெதுவெதுப்பில் காயவைத்தார். ஆசிரியர் வீட்டில் பல காலத்துக்குப் பின் மீண்டும் பாடம் படிக்கும் குரல் கேட்டது. பத்தாம் நாள் அவர்கள் தம் வீட்டைக் கழுவச் சென்றபோது, அரிசிப் பானையையும் ஒரு கட்டு விறகையும் அம்மையார் கொடுத்தனுப்பினார். அவர்கள் மறுக்கவில்லை. கேட்கத் தெரிந்தவரிடம் வாங்குவது எளிதாக இருந்தது போலும்.

அந்த மார்கழியில் ஆருத்ரா தரிசனம் 2025 ஜனவரி 13-ஆம் நாள் வந்தது. கடலூரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் தில்லை. தலைமையாசிரியர் இருந்தவரை இருவரும் ஓராண்டும் தவறியதில்லை. முந்தைய ஆண்டு போகவில்லை. இந்த ஆண்டும் கால் இடம் கொடாது என்றே அம்மையார் எண்ணியிருந்தார். ஆனால் கேட்பதில் ஒரு முறை கூச்சம் தெளிந்துவிட்டால் பிறகு அது எளிதாகிவிடுகிறது. தேர்த் திருநாளுக்கு முதல் நாள் பூக்காரப் பெண்ணிடம், "என்னைத் தில்லைக்கு அழைத்துக்கொண்டு போவாயா?" என்று கேட்டார்.

விடியுமுன் எழுந்து களி கிண்டினார்கள். வறுத்து உடைத்த அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய்த் துருவல், நெய், ஏலக்காய் எல்லாம் அளவு மாறாமல் சேர்ந்தன. கதை சொல்லும் குரல் மட்டும் அடுப்பருகே இல்லை. அந்தக் கதையை அம்மையார் சிறுமிக்குச் சொன்னார். வாசலில் நின்ற முதியவர் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டார் என்றபோது, "சாமியே கேட்டாரா?" என்றாள் குழந்தை. "ஆமாம் கண்ணே, சாமியே கேட்டார்" என்றார் அம்மையார்.

தில்லையில் ஆயிரங்கால் மண்டபத்தில் விடியற்காலை மகாபிடேகம் கண்டருளிய ஆடல்வல்லான், பிற்பகல் தரிசனம் தரச் சிற்சபைக்கு எழுந்தருளும் நேரம். மக்கள் வெள்ளம். மண்டபத்தை விட்டுத் தள்ளி, கூட்டம் குறைந்த ஓரத்தில், ஒரு படிக்கட்டின் அருகே அம்மையார் நின்றார். படி உயரமாக இருந்தது. பக்கத்தில் பிடிக்கக் கம்பி இல்லை.

"கை கொடு அம்மா" என்றார்.

பூக்காரப் பெண் கையை நீட்டினாள். அதைப் பற்றிக்கொண்டு அம்மையார் ஏறினார். மேலே போனதும், தூரத்தில் பொன்னோடு வேய்ந்த கூரை வெயிலில் ஒளிர்ந்தது. "இருபத்தோராயிரத்து அறுநூறு" என்று தமக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டு, அம்மையார் இரு கைகளையும் கூப்பினார்.